டிலனுக்குள் கன்ட்ரி வழியாக: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

பாப் டிலனின் பாட்டு பிடிக்கும், அவர் பாடுவதுதான் பிடிக்காது என்பவர்கள் நிறையப் பேர். மூக்கால் பாடுகிறார், சொல்லை மென்று விழுங்குகிறார், ஹார்மோனிகாவை வாயில் வைத்தால் எடுப்பதில்லை. 2016இல் இலக்கிய நோபல் அறிவிக்கப்பட்டபோது, அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் என்று கேட்க உட்கார்ந்து, நாலாவது பாட்டில் எழுந்துபோனவர்களை எனக்கே தெரியும். அவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வேறு யாராவது பாடியதைக் கேளுங்கள். சரி, யார் பாடியதை? டிலன் பாடலைத் தொடாத அமெரிக்கப் பாடகரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தேடினால் வந்து விழும் பட்டியலைப் பார்த்து மலைத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள்.

இங்கே கன்ட்ரி (அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புறத்தில் வேர்விட்ட இசை) பாடுபவர்கள் பாடியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கன்ட்ரியில் பாட்டு என்றால் முதலில் கதை. சொல் காதில் விழாவிட்டால் பாடகர் தோற்றார் என்று அர்த்தம். ஆங்கிலப் பாட்டின் வரிகளைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. போதாததற்கு, டிலனுக்கும் கன்ட்ரிக்கும் உள்ள உறவு பழையது. மின்னசோட்டாவில் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் வளர்ந்த பையன் ரேடியோவிலும் இசைத்தட்டிலும் கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸைக் கேட்டு வளர்ந்தவன். 1966 பிப்ரவரியில் 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன் அவரை கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் கூட்டிப்போனார். மூன்று மணி நேரத்தில் மூன்று, நான்கு பாட்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வாத்தியக்காரர்கள் அங்கே இருந்தார்கள். டிலனோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து அங்கேயே பாட்டெழுதினார். அவர்கள் சீட்டாடிக்கொண்டு விடிய விடியக் காத்திருந்தார்கள். ஒருவழியாக அதிகாலையில் பதிவான பாட்டு 11 நிமிடம் ஓடியது. ஒவ்வொரு பல்லவியிலும் இதோ முடியப்போகிறது என்று நினைத்து வாசிப்பை உச்சத்துக்கு ஏற்றியதாகவும், பாட்டு முடியவே இல்லை என்றும் டிரம்மர் கென்னி பட்ரி பிற்பாடு சொல்லியிருக்கிறார். அடுத்த இரண்டு ஆல்பங்களையும் டிலன் அதே ஊரில்தான் பதிவு செய்தார்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, சொல் தெளிவு. டிலனிடம் போவதே சொல்லுக்காகத்தான். அது கேட்கவில்லை என்றால் கவர் பாட்டால் (ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடுவது) என்ன பயன்?

இரண்டாவது, ஆல்பத்தில் டிலன் எவ்வளவு இருக்கிறார். 'டிலனை கன்ட்ரியாகப் பாடிய ஆல்பம்' என்று சிபாரிசு செய்யப்படும் சிலவற்றில் இரண்டு பாட்டுதான் அவருடையது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மூன்றாவது, கன்ட்ரி எவ்வளவு. பெடல் ஸ்டீல் கிதாரின் இழுவையும் பான்ஜோவின் படபடப்பும் எல்லோருக்கும் ஒத்துவராது. டிலனின் மூக்கில் இருந்து தப்பித்து ஃபிடிலின் (வயலின்) கீச்சலில் மாட்டிக்கொள்வதில் லாபம் இல்லை.

நான்காவதுதான் எனக்கு முக்கியம்: பாட்டில் எது கழிந்துபோகிறது? டிலனின் காதல் பாட்டுகளில் பாதி, காதலைவிடக் கசப்புதான். நல்ல குரல் அந்தக் கசப்பின் மேல் சர்க்கரை தூவிவிடும். கேட்க இதமாக இருக்கும், ஆனால் பாட்டு வேறு பாட்டாகிவிடும்.

கடைசியாக, அந்த ஆல்பம் உங்களைத் திரும்ப டிலனிடம் கொண்டுபோய் விடுகிறதா, அல்லது அங்கேயே உட்காரவைத்துவிடுகிறதா. அங்கேயே உட்கார்ந்தாலும் தப்பில்லை. ஆனால் எது வேண்டும் என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

## ஜானி கேஷ்: 'ஆரஞ்ச் ப்ளாஸம் ஸ்பெஷல்' (1965)

குரல்தான் தடை என்றால் யோசிக்கவே வேண்டாம், இங்கே தொடங்குங்கள். கேஷின் அடிக்குரலில் ஒரு சொல்கூடத் தவறிப்போகாது. நிதானமாக, நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதுபோல் பாடுவார்.

டிலனைப் பெரிய கன்ட்ரி நட்சத்திரங்களில் முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் கேஷ். டிலனின் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். 1964இல், டிலன் போராட்டப் பாட்டை விட்டு விலகுகிறார் என்று நாட்டுப்பாடல் வட்டாரம் முணுமுணுத்தபோது, 'பிராட்சைட்' பத்திரிகைக்கு எழுதி, வாயை மூடிக்கொண்டு அவரைப் பாட விடுங்கள் என்று கடிந்துகொண்டார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் தன் கிதாரையே டிலனுக்குக் கொடுத்தார்.

இந்த ஆல்பத்தில் டிலன் பாட்டு மூன்று. 'இட் எய்ன்ட் மீ, பேப்' பாட்டை டிலன் தனியாகப் பாடும்போது, நீ தேடும் ஆள் நான் இல்லை என்று ஒரு பெண்ணைத் தட்டிக்கழிக்கும் ஆணின் பாட்டு அது. கேஷ் அதை ஜூன் கார்ட்டரோடு சேர்ந்து பாடினார். உடனே அது இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாக மாறிவிட்டது. டிலனின் பதிவில் உள்ள குத்தல் போய்விட்டது, அதன் இடத்தில் ஒரு விளையாட்டு வந்தது. அந்த இருவரும் 1968இல் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று தெரிந்து கேட்டால் பாட்டு இன்னும் வேடிக்கையாக இருக்கும். கன்ட்ரி தரவரிசையில் 4ஆம் இடம் வரை போனது.

'மாமா, யூவ் பீன் ஆன் மை மைண்ட்' இன்னொரு காரணத்துக்காக முக்கியம். டிலன் 1964இல் பதிவு செய்துவிட்டு வெளியிடாமல் வைத்திருந்த பாட்டு. அவருடைய பதிவு அதிகாரபூர்வமாக வந்தது 1991இல். கால் நூற்றாண்டுக்கும் மேலாக கேஷின் ரசிகர்களிடம் இந்தப் பாட்டு இருந்தது, டிலனின் ரசிகர்களிடம் திருட்டுப் பதிவு மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது 'டோன்ட் திங்க் ட்வைஸ், இட்ஸ் ஆல் ரைட்'. இதற்கு முந்தைய ஆண்டுதான் கேஷ் இதே மெட்டைத் தழுவி 'அண்டர்ஸ்டாண்ட் யுவர் மேன்' என்று சொந்தமாக ஒரு பாட்டெழுதி கன்ட்ரியில் முதலிடம் பிடித்திருந்தார். டிலனும் குறை சொல்ல முடியாது. பால் கிளேட்டன் என்ற நாட்டுப்பாடகர் பாடிய ஒரு பழைய பாட்டிலிருந்து அவரும் அதை எடுத்தவர்தான்.

மறைந்திருக்கும் விலை: 12 பாட்டில் மூன்றுதான் டிலன். மீதியில் 'டேனி பாய்' போன்ற, நீளமான பேச்சோடு தொடங்கும் உருக்கமான பாட்டுகளும் உண்டு. கேஷின் டிலனை முழுதாகக் கேட்க நான்கைந்து ஆல்பங்களில் பொறுக்க வேண்டும். சான் குவென்டின் சிறைக் கச்சேரியில் அவர் பாடிய 'வான்டட் மேன்' டிலன் எழுதிக்கொடுத்தது. அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

எப்போது இதுவே சரி: வரி புரிய வேண்டும், முழு ஆல்பம் உட்கார்ந்து கேட்கப் பொறுமை இல்லை, கன்ட்ரி புதிது.

## பேர்ட்ஸ்: 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' (1968)

இந்த வரிசையில் ஆல்பமாக எதற்கு அதிகப் புகழ் என்று கேட்டால், பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் இந்த ஆல்பத்துக்குத்தான். கன்ட்ரி ராக் என்ற வகைக்கே இதை ஆரம்பமாகச் சொல்வார்கள். வந்தபோது ஓடவில்லை, பில்போர்டு தரவரிசையில் 77ஆம் இடத்துக்கு மேலே ஏறவில்லை. அந்த மார்ச்சில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் ஏறிய இந்த நீளமுடிப் பையன்களைப் பார்வையாளர்கள் முகம் சுளித்துத்தான் வரவேற்றார்கள். ராக் ரசிகர்களுக்கு இது பட்டிக்காட்டு இசை, கன்ட்ரி ரசிகர்களுக்கு இவர்கள் ஹிப்பிகள்.

ஆனால் டிலனுக்காக இதை எடுப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். 11 பாட்டில் அவருடையது இரண்டு. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும். இரண்டுமே 1967இல் டிலன் உட்ஸ்டாக் பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நண்பர்களோடு பதிவு செய்து, மற்றவர்கள் பாடட்டும் என்று சுற்றுக்கு விட்டவை. முதல் பாட்டான 'யூ எய்ன்ட் கோயின் நோவேர்' காதில் ஒட்டிக்கொள்ளும், லாயிட் கிரீனின் பெடல் ஸ்டீல் அதில் கொஞ்சிக் குலாவும். வரிகளில் செங்கிஸ்கான் வருவார், கூடாரம் வரும், ஆனால் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொருளும் கிடைக்காது. சொல்லுக்காக வந்தவர் ஏமாந்துபோவார். குழுவின் ரோஜர் மக்குயின் ஒரு வரியில் இரண்டு வினைச்சொல்லை இடம் மாற்றிப் பாடிவிட்டார். டிலன் 1971இல் தானே அதைப் பதிவு செய்தபோது பாட்டுக்குள்ளேயே மக்குயினின் பெயரைச் சொல்லிக் கிண்டலடித்தார்.

மறைந்திருக்கும் விலை இன்னொன்றும் உண்டு. குழுவில் சேர்ந்து இந்த ஆல்பத்துக்கு உயிர் கொடுத்த கிராம் பார்சன்ஸின் குரல், ஒப்பந்தத் தகராறில் சில பாட்டுகளில் இருந்து எடுக்கப்பட்டு மக்குயின் குரல் போடப்பட்டது. அசலைக் கேட்கப் பின்னால் வந்த விரிவான பதிப்புகளைத் தேட வேண்டும். அந்த வலையில் விழுந்தால் டிலனை மறந்து பார்சன்ஸ் ரசிகராகிவிடுவீர்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

## ஜோன் பயஸ்: 'எனி டே நவ்' (1968)

பயஸ் கன்ட்ரி பாடகியா என்று சண்டைக்கு வருவார்கள். இல்லைதான், நாட்டுப்பாடல் பாடகி. ஆனால் இந்த இரட்டை ஆல்பம் நாஷ்வில்லில், அந்த ஊரின் முதல்தர வாத்தியக்காரர்களோடு பதிவானது. பீட் டிரேக்கின் ஸ்டீல் கிதார் இருக்கிறது, கென்னி பட்ரியின் டிரம் இருக்கிறது. டிலனுக்கு வாசித்த அதே கைகள். அதனால் பட்டியலில் சேர்க்கிறேன்.

16 பாட்டும் டிலனுடையவை. சொல் தெளிவில் கேஷுக்கு ஈடு. 'நார்த் கன்ட்ரி ப்ளூஸ்' ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். இரும்புச் சுரங்கம் மூடிப்போன ஒரு வடக்கத்தி ஊரில், புருஷனும் போய் பிள்ளைகளும் போகப்போகிற ஒரு பெண் தன் கதையைச் சொல்லும் பாட்டு. டிலன் தன் பிள்ளைப் பருவத்து ஊர்ப்பக்கத்தை நினைத்து எழுதியது. அவர் பாடும்போது அது ஓர் ஆண் சொல்லும் பெண்ணின் கதை. பயஸ் பாடும்போது அந்தப் பெண்ணே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். 'லவ் இஸ் ஜஸ்ட் எ ஃபோர் லெட்டர் வேர்ட்' பாட்டை டிலன் எழுதினார், ஆனால் தன் ஆல்பம் எதிலும் சேர்க்கவில்லை. அது வேண்டுமென்றால் பயஸிடம்தான் போக வேண்டும்.

விலை என்ன? சிரிப்பு. டிலனிடம் எப்போதும் ஒரு குறும்பு உண்டு. பயஸ் எல்லாவற்றையும் கோயிலில் பாடுவதுபோல் பாடுகிறார். அந்த மேல்ஸ்தாயி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது சிலருக்குத் தலைவலி வரும். 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' ஆல்பத்தின் அந்த 11 நிமிடப் பாட்டையும் விடவில்லை. ஒரு பக்கம் கேட்டுவிட்டு மறுநாள் இன்னொரு பக்கம் என்று எடுத்துக்கொண்டால் தாங்கும்.

## டிம் ஓப்ரையன்: 'ரெட் ஆன் ப்ளாண்ட்' (1996)

மேலே உள்ள பெயர்களைவிட இது குறைவாகத் தெரிந்த பெயர். மேற்கு வர்ஜீனியாக்காரர், 'ஹாட் ரைஸ்' என்ற புளூகிராஸ் (பான்ஜோவும் ஃபிடிலும் வேகமாக ஓடும் கன்ட்ரி வகை) குழுவில் மாண்டலினும் ஃபிடிலும் வாசித்தவர். நான் ஒன்றைத்தான் சிபாரிசு செய்யலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் இதைத்தான் சொல்வேன்.

காரணம், இதில் டிலன் பாட்டுகள் வேறு உடை போட்டுக்கொண்டதாகத் தோன்றவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனதாகத் தோன்றுகிறது. 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுத வியாபாரிகளை நோக்கி 1963இல் டிலன் பாடிய சாபம் அது. அதன் மெட்டு டிலனுடையது இல்லை. 'நாட்டமன் டவுன்' என்ற பழைய பாட்டு, கென்டக்கி மலைப்பகுதியில் ஜீன் ரிட்சியின் குடும்பம் தலைமுறைகளாகப் பாடி வந்தது. டிலன் அதை எடுத்துப் புது வரி போட்டார். அதே அப்பலாச்சிய மலைத்தொடரின் இன்னொரு மூலையில் பிறந்த ஓப்ரையன் அதே பாட்டை மலைநாட்டு வாத்தியங்களோடு பாடும்போது, கோபம் கொஞ்சமும் குறையாமல் மெட்டு சொந்த ஊர் சேர்கிறது. டிலனின் ஆரம்பகாலப் பாட்டுகளில் நிறைய இந்த வகைதான். 'கேர்ள் ஃப்ரம் தி நார்த் கன்ட்ரி' கூட லண்டனில் மார்ட்டின் கார்த்தியிடம் கேட்ட ஒரு பழைய ஆங்கிலப் பாட்டின் சாயலில் எழுதியது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்து கப்பலேறி வந்த அதே பழம்பாட்டு மரபுதான் மலையில் தங்கிக் கன்ட்ரியாகவும் ஆயிற்று. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட இந்த ஆல்பத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது சுலபம்.

'சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்' டிலனிடம் மின் கிதாரோடு கொட்டும் சொல்மழை. புளூகிராஸில் வேகம் என்பது அன்றாடச் சங்கதி என்பதால் அது இங்கே கொஞ்சமும் உறுத்தாமல் உட்கார்கிறது. 'ஆக்ஸ்ஃபோர்டு டவுன்' 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரெடித் என்ற கறுப்பின மாணவர் சேர்ந்தபோது நடந்த கலவரத்தைப் பற்றியது. தெற்கத்தி வெள்ளையர்களின் இசை என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பாணியில் அதைப் பாடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் 'மேன் கேவ் நேம்ஸ் டு ஆல் தி அனிமல்ஸ்' உடனே எடுபடும்.

இதற்கும் விலை உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு அநேகமாக எதுவும் இல்லை. 'ப்ளோயிங் இன் தி விண்ட்' இல்லை, 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' இல்லை, 'டோன்ட் திங்க் ட்வைஸ்' இல்லை. தெரிந்த பாட்டைப் புது வடிவில் கேட்கும் சந்தோஷத்தை எதிர்பார்த்தால் கிடைக்காது. பான்ஜோ ஆகாது என்பவர்கள் இரண்டாவது பாட்டிலேயே எழுந்துவிடுவார்கள். வேகமான பாட்டுகளில் முதல் தடவை வரிகள் கொஞ்சம் நழுவவும் செய்யும்.

## ஓல்ட் க்ரோ மெடிசின் ஷோ: '50 இயர்ஸ் ஆஃப் ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' (2017)

டிலனின் நாஷ்வில் ஆல்பத்துக்கு 50 வயதானபோது, அதே ஊரில் கன்ட்ரி இசை ஹால் ஆஃப் ஃபேம் வளாகத்து அரங்கில் 14 பாட்டையும் வரிசை மாறாமல் மேடையில் வாசித்துப் பதிவு செய்த கச்சேரி. உற்சாகத்துக்குக் குறைவில்லை. நீண்ட கார்ப் பயணத்துக்கு, நாலு பேர் கூடியிருக்கும்போது போட, இதைவிட நல்லது இந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. குழுவில் பாடும் கெட்ச் செகோரின் குரலும் மூக்குக் குரல்தான், அதிலும் கத்துவார். டிலனின் குரலிலிருந்து தப்பிக்க வந்தவர் இங்கே வந்தால் வாசல் மாறி அதே வீட்டுக்குள் நுழைந்ததுபோல் ஆகும். மூல ஆல்பத்தை ஏற்கெனவே கேட்டவர்களுக்குத்தான் இதில் விருந்து.

## ஒற்றைப் பாட்டு ஹிட்டுகள்

ஆல்பமெல்லாம் வேண்டாம், ஒரு பாட்டு போதும் என்றால் இரண்டு பெயர் உடனே சொல்வார்கள்.

டேரியஸ் ரக்கரின் 'வேகன் வீல்' 2013இல் கன்ட்ரியில் முதலிடம், அடுத்த ஆண்டு கிராமி. இது டிலன் பாட்டா என்றால் பாதி. 1973இல் ஒரு கௌபாய்ப் படத்துக்கான இசைப்பதிவின்போது டிலன் பாதியில் விட்ட பல்லவி திருட்டு ஒலிநாடாவில் சுற்றியது. பள்ளிப் பையனாக இருந்த மேலே சொன்ன கெட்ச் செகோர் அதைக் கேட்டுச் சரணங்களை எழுதினார். உரிமையைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். செகோரின் குழு 2004இல் வெளியிட்டது, ரக்கர் அதை எடுத்து உலகறியச் செய்தார். கம்பர்லாண்ட் கணவாயிலிருந்து மேற்கே ஜான்சன் சிட்டிக்குப் போவதாகப் பாட்டில் வரும். வரைபடத்தில் அந்த ஊர் கணவாய்க்குக் கிழக்கே இருக்கிறது. நல்ல பாட்டு, ஆடலாம். டிலனைத் தெரிந்துகொள்ள இதைக் கேட்பதில் பொருளில்லை. வரிகளில் பெரும்பகுதி அவருடையதே இல்லை.

கார்த் புரூக்ஸ் 1998இல் முதலிடத்துக்குக் கொண்டுபோன 'டு மேக் யூ ஃபீல் மை லவ்' முழுக்க டிலனுடையதுதான். பின்னால் அடெல் பாடிப் பெரிதாகத் தெரியவந்ததும் இதுவே. ஆனால் டிலன் எழுதியதில் டிலனே எழுதாததுபோல் இருக்கும் பாட்டு. இது பிடித்துப்போய் அது வந்த 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தைத் தேடிப் போனவர், தூக்கமின்மையும் சாவும் நிறைந்த மற்றப் பாட்டுகளைக் கேட்டு அரண்டுபோவார். புரூக்ஸ் ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளுக்குத் தன் பாட்டைத் தராமல் நீண்ட காலம் இருந்தவர் என்பதால் தேடுவதிலும் அலைச்சல்.

என்னைக் கேட்டால் ஒற்றைப் பாட்டுக்கு எமிலூ ஹாரிஸின் 'எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்' (1995). டிலனின் பக்திக் காலத்துப் பாட்டு. 1976இல் டிலனின் ஆல்பத்தில் கூடப் பாடியவர் எமிலூ. இருபது ஆண்டு கழித்து, டிலனுக்கும் தயாரிப்பாளராக இருந்த டேனியல் லான்வாவோடு இதைப் பாடினார். அதோடு நான்சி கிரிஃபித் பாடிய 'பூட்ஸ் ஆஃப் ஸ்பானிஷ் லெதர்' (1993). அதில் ஹார்மோனிகா வாசிப்பவர் டிலனேதான்.

## டிலனே பாடிய கன்ட்ரி: 'நாஷ்வில் ஸ்கைலைன்' (1969)

கவர் எதற்கு, டிலனே கன்ட்ரி பாடியிருக்கிறாரே என்று சிலர் இதை நீட்டுவார்கள். 10 பாட்டு, 27 நிமிடம். குரல் ஆச்சரியமாக இருக்கும்: மூக்கு இல்லை, கரகரப்பு இல்லை, வழவழவென்று ஒரு புது ஆள். சிகரெட்டை விட்டதால் வந்த குரல் என்று அப்போது ஒரு பேட்டியில் சொன்னார். நம்புவது உங்கள் பாடு. முதல் பாட்டில் கேஷ் கூடப் பாடுகிறார். இருவரும் சில இடங்களில் ஆளுக்கொரு வரியில் நிற்பார்கள், அதுவும் ஓர் அழகு. ஆல்பத்தின் பின்னட்டைக்கு கேஷ் எழுதிய கவிதைக்கு கிராமி கிடைத்தது. 'லே லேடி லே' பதிவின்போது டிரம்மருக்குப் பக்கத்தில் போங்கோவையும் மாட்டு மணியையும் பிடித்துக்கொண்டு நின்றவர், அந்த ஸ்டூடியோவில் தரை துடைக்கும் வேலையில் இருந்த கிரிஸ் கிறிஸ்டஃபர்சன்.

இங்கே விலை எது என்றால், டிலனிடம் எதற்காகப் போகிறோமோ அதுதான். வரிகள் எளிமை, சில இடங்களில் எளிமையையும் தாண்டி வெறுமை. குரல் பிடித்துப்போய் அடுத்த ஆல்பங்களுக்குப் போனால் அந்தக் குரலும் சீக்கிரமே காணாமல் போய்விடுகிறது. டிலனின் மற்ற ஆல்பங்களில் பழகியவர்களுக்கு இது ஓய்வு நாள். புதியவருக்கு நான் கொடுக்க மாட்டேன்.

| ஆல்பம் | டிலன் பாட்டு | சொல் தெளிவு | கன்ட்ரி வாசனை | எது கழிகிறது |
|---|---|---|---|---|
| ஜானி கேஷ், 1965 | 12இல் 3 | மிகத் தெளிவு | நடுத்தரம் | கசப்பு |
| பேர்ட்ஸ், 1968 | 11இல் 2 | தெளிவு | அதிகம் | டிலனே |
| ஜோன் பயஸ், 1968 | 16இல் 16 | மிகத் தெளிவு | வாத்தியத்தில் மட்டும் | குறும்பு |
| டிம் ஓப்ரையன், 1996 | எல்லாமே | வேகத்தில் நழுவும் | மிக அதிகம் | தெரிந்த பாட்டுகள் |
| ஓல்ட் க்ரோ, 2017 | 14இல் 14 | சுமார் | அதிகம் | நிதானம் |
| டிலன், 1969 | எல்லாமே | தெளிவு | அதிகம் | வரிகளின் கனம் |

பட்டியலில் சேர்க்காமல் விட்டது ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸ். புளூகிராஸின் மூத்த ஜோடி, 1960களின் கடைசியில் அதே பாப் ஜான்ஸ்டன் தயாரிப்பில் டிலன் பாட்டாகப் பாடித் தள்ளினார்கள். ஏர்ல் ஸ்க்ரக்ஸுக்குப் புதியது பிடித்திருந்தது, லெஸ்டர் ஃப்ளாட்டுக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கவே இல்லை. பாடும்போதே தெரியும். 1969இல் இருவரும் பிரிந்தார்கள். வரலாற்று ஆர்வத்துக்கு ஒரு தடவை கேட்கலாம்.

## இன்னும் முடிவாகவில்லை என்றால்

எல்லாவற்றையும் வாங்கியோ தரவிறக்கியோ வைக்க வேண்டாம். ஒரே பாட்டை வைத்துச் சோதியுங்கள். 'யூ எய்ன்ட் கோயின் நோவேர்' அதற்கு வசதி. சின்னப் பாட்டு, பலரும் பாடியது. முதலில் பேர்ட்ஸின் 1968 பதிவு. அடுத்து அதே ஆண்டு பயஸ் பாடியது. அப்புறம், மக்குயினும் அதே பேர்ட்ஸில் இருந்த கிரிஸ் ஹில்மனும் 1989இல் நிட்டி கிரிட்டி டர்ட் பேண்டோடு திரும்பப் பாடியது. 1968இல் முகம் சுளித்த அதே கன்ட்ரி உலகம் இந்தத் தடவை அதை முதல் பத்துக்குள் ஏற்றிவிட்டது.

முதல் பதிவில் ஸ்டீல் கிதார் வரும் இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் வந்தால், ஓப்ரையனுக்குப் போங்கள், வாத்தியத்தைத் தாங்கும் காது உங்களுடையது. பயஸ் பாடும்போதுதான் பாட்டு பிடிபட்டது என்றால் 'எனி டே நவ்'. 1989 பதிவின் பக்குவமான ஆண் குரல்கள் பிடித்தால் கேஷ். அதோடு வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகார்டும் வயதான காலத்தில், 2015இல், சேர்ந்து பாடிய 'டோன்ட் திங்க் ட்வைஸ்' பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக டிலன் 1971இல் மக்குயினைக் கிண்டலடித்துப் பாடியதைப் போடுங்கள். அதுவே எல்லாவற்றையும்விடப் பிடித்துவிட்டால் கவர் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. நேராக அவருடைய 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' (1967) ஆல்பத்துக்குப் போய்விடலாம்: நாஷ்வில் பதிவு, சின்னச் சின்னப் பாட்டுகள், பெரும்பாலும் மூன்றே பேர் வாசித்தது, கடைசி இரண்டில் மட்டும் ஸ்டீல் கிதார்.